எக்கோ சாதாரணம், ஆனாலும் நெஞ்சில் பாரம்: அடுத்து எந்தப் படம்?

தேடல்:

54 வயதாகும் என் அண்ணனுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு பாரம் தோன்றி, நின்றதும் இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. ஈ.சி.ஜி.யும், ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் சாதாரணம் என்று வந்துவிட்டன. டிரெட்மில் பரிசோதனையின் அறிக்கையில் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஓர் இதய மருத்துவர் இதயத் தமனிகளைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார். இன்னொருவரோ அது சுற்றுவழி, நேராகத் தமனிக்குள் குழாய் செலுத்திப் பார்த்துவிடலாம் என்கிறார். சிகிச்சை ஆலோசனை கேட்டு இதை நான் எழுதவில்லை. அதை அவரைப் பார்க்கும் மருத்துவர்களே முடிவு செய்வார்கள். என் கேள்வி வேறு: எக்கோ, சி.டி., நியூக்ளியர் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்று இத்தனை படங்கள் இருக்கையில், எது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது? இவற்றில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டா, அல்லது அந்தந்த மருத்துவரின் பழக்கம்தானா?

பழைய கேத்லேப்:

நீண்ட காலம் குழாய் செலுத்தும் வேலையே செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனாலும் சி.டி.யின் பக்கமே நான் பேசப்போகிறேன்.

முதலில் எக்கோவைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். எக்கோ காட்டுவது இதயத் தசையின் அசைவையும், அறைகளின் அளவையும், வால்வுகளையும்தான். தசைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை அது காட்டாது. தமனி 80 சதவீதம் வரை குறுகியிருந்தாலும், ஓய்வில் இருக்கும்போது அதற்குக் கீழே உள்ள நுண்குழாய்கள் விரிந்துகொடுத்துப் பற்றாக்குறையை ஈடு செய்துவிடுகின்றன. ஆகவே தசை இயல்பாகவே அசையும், எக்கோவும் சாதாரணம் என்றே வரும். படி ஏறும்போதுதான் அந்தக் கையிருப்பு தீர்ந்து பாரம் தோன்றுகிறது. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோக வெடிப்புகளைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலைக் கருவியை இரவல் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது, அவர்கள் தேடியதும் வால்வுக் குறைபாட்டைத்தான், தமனி அடைப்பை அல்ல.

தமனிக்குள் நேரடியாகப் பார்ப்பது 1958-இல் தற்செயலாகத் தொடங்கியது. கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் மகாதமனியில் வைத்திருந்த குழாயின் முனை வலது இதயத் தமனிக்குள் நழுவியிருந்தது. தமனியைப் படத்தில் தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து முழுவதும் அந்தச் சிறு தமனிக்குள் பாய, இதயம் சில நொடிகள் நின்றது. நோயாளியை இருமச் சொன்னார்கள், துடிப்பு திரும்பியது. அதுவரை உயிருக்கு ஆபத்து என்று எல்லோரும் அஞ்சிய ஒன்றை வேண்டுமென்றே செய்யலாம் என்று அன்று தெரிந்தது. ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

ஆனால் நான் ஆயிரக்கணக்கில் எடுத்த அந்தப் படம் காட்டுவது ரத்தம் ஓடும் உள்வெளியை மட்டுமே. ஆற்றில் நீர் ஓடும் அகலத்தைப் பார்த்துக் கரைக்குள் மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஊகிப்பது போன்றது அது. தமனிச் சுவருக்குள் கொழுப்பு படியத் தொடங்கும்போது சுவர் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுப்பதால், உள்வெளி குறையாமலே நோய் வெகுதூரம் வளர்ந்துவிடலாம். சி.டி. அந்தச் சுவரையும் காட்டுகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு நேரான விடை 2022-இல் வெளிவந்த டிஸ்சார்ஜ் என்ற ஐரோப்பிய ஆய்வு. நெஞ்சுவலிக்காகக் குழாய் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பப்பட்ட, நிலையான அறிகுறிகள் கொண்ட 3,561 பேரில் ஒரு பாதியினருக்குச் சி.டி.யும் மறு பாதியினருக்குக் குழாயும் முதலில் செய்தார்கள். மூன்றரை ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து சி.டி. பிரிவில் 2.1 சதவீதம், குழாய்ப் பிரிவில் 3.0 சதவீதம், புள்ளியியல்படி இதை வேறுபாடு என்று கொள்ள முடியாது. செயல்முறையால் வந்த பெரிய சிக்கல்கள் மட்டும் 0.5 சதவீதத்துக்கு எதிராக 1.9 சதவீதம். குறிப்பிடத்தக்க அடைப்பு இருந்தது ஏறத்தாழ கால் பங்கினருக்கே. மற்ற முக்கால் பங்கினருக்குக் குழாய் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

கார்முகில்:

டாக்டர் ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு பக்கத்து ஆய்வை மட்டும் எடுத்துவைத்தால் போதாது. 2015-இல் வந்த பிராமிஸ் ஆய்வில் 10,003 பேரைச் சி.டி. ஒரு புறமும், டிரெட்மில், ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர் ஸ்கேன் போன்ற, இதயத்தை உழைக்கவைத்துப் பார்க்கும் செயல்பாட்டுப் பரிசோதனைகள் மறு புறமுமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் பின்தொடர்ந்தும் பலனில் வேறுபாடு இல்லை. அதோடு, சி.டி. எடுத்தவர்களில் 12.2 சதவீதத்தினர் 90 நாட்களுக்குள் குழாய் ஆஞ்சியோகிராமுக்குப் போனார்கள், மற்றவர்களில் 8.1 சதவீதத்தினரே போனார்கள். படம் எடுக்க எடுக்க வேலை கூடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னொன்று, சி.டி. எடுத்தால் மாரடைப்பு குறைகிறது என்று பலர் ஸ்காட்-ஹார்ட் ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். ஒரு படம் எப்படி மாரடைப்பைத் தடுக்கும்? அதை யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

பழைய கேத்லேப்:

கார்முகில் அவர்களே, அந்த 12.2 சதவீதத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும். குழாய் செலுத்திப் பார்த்தபின் 'அடைப்பு இல்லை' என்று திரும்பியவர்கள் சி.டி. பிரிவில் 3.4 சதவீதம், மறு பிரிவில் 4.3 சதவீதம். அதாவது கூடுதலாகப் போனவர்களில் பெரும்பாலோர் நோய் இருந்ததாலேயே போனார்கள்.

ஸ்காட்-ஹார்ட் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஸ்காட்லாந்தில் 4,146 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வந்தது. இதயத் தமனி நோயால் மரணமோ மாரடைப்போ ஏற்பட்டவர்கள் சி.டி. பிரிவில் 2.3 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 3.9 சதவீதம். ஐந்தாண்டுகளில் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது மருந்துச் சீட்டு. அடைப்பு என்று சொல்ல முடியாத, ஆனால் சுவரில் படிவு இருக்கும் நோயாளியை டிரெட்மில் 'சாதாரணம்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும், சி.டி. அனுப்பாது. அவருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கப்படுகிறது. மாரடைப்புகளில் பெரும் பங்கு பெரிய குறுகல் இல்லாத இடங்களில் படிவு வெடித்து வருவதால், இந்த விளக்கம் பொருந்துகிறது. மருந்தில் இருந்த வேறுபாடு இவ்வளவு பெரிய பலனைத் தர முடியுமா என்று ஐயப்படுவோர் இன்னும் இருக்கிறார்கள், அந்த ஐயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இருந்தாலும் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-லேயே இத்தகைய நெஞ்சுவலிக்குச் சி.டி.யை முதல் பரிசோதனையாக்கியது. 2021-இன் அமெரிக்க வழிகாட்டியும் அதற்கு உயர்ந்த பரிந்துரை தந்தது.

அடைப்பைக் கண்டவுடன் ஸ்டென்ட் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வில், ரத்தக் குறைவு மிதமாகவோ கடுமையாகவோ இருப்பது நிரூபணமானவர்களுக்குக்கூட, உடனே குழாய் செலுத்திச் சரிசெய்வது மருந்தை மட்டும் தருவதைவிட மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. வலி குறைந்தது, அது உண்மை. அந்த ஆய்வில் இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்களைச் சி.டி. மூலமே விலக்கினார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

சி.டி. அறை:

நான் ரேடியோகிராஃபர். மேலே மருத்துவர்கள் பேசுவது அறிக்கையைப் பற்றி. அறிக்கை நன்றாக இருப்பதற்குப் படம் நன்றாக இருக்க வேண்டும், அது பெரும்பாலும் நோயாளியின் நாடித்துடிப்பைப் பொறுத்தது.

இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே சிறிது நேரம் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். நாடி 60-க்குக் கீழே இருந்தால் அந்த இடைவெளி நீண்டு, இயந்திரம் அதற்குள் படத்தைப் பிடித்துவிடும். 85-இல் இருந்தால் வலது தமனி இரட்டையாகத் தெரியும். அதனால்தான் நாடியைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை முன்கூட்டியே தருகிறோம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். மேசையில் படுத்தபின் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைக்கிறோம், அது தமனிகளை விரித்துக் காட்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுத்தவர்கள் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். கான்ட்ராஸ்ட் உள்ளே போகும்போது தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரை ஒரு சூடு பரவும். சிறுநீர் கழிந்துவிட்டதோ என்று பலர் பதறி மூச்சை விட்டுவிடுவார்கள், அதோடு படமும் போயிற்று. ஆகவே அந்தச் சூட்டைப் பற்றி நான் முன்பே இரண்டு முறை சொல்லிவைப்பேன்.

எங்களால் முடியாதவையும் உண்டு. சுவரில் கால்சியம் கெட்டியாகப் படிந்திருந்தால் அது படத்தில் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாக ஒளிர்ந்து, பக்கத்தில் உள்ள வழியை மறைத்துவிடும். 40 சதவீதக் குறுகல் 70 போலத் தெரியும். 3 மில்லிமீட்டருக்கும் குறைவான ஸ்டென்டுக்குள் பார்ப்பதும் கடினம். துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் சிரமம்தான்.

அளவைமானி:

கால்சியம் பெரிதாகத் தெரியும் சிக்கலுக்கு இப்போது ஒரு நல்ல விடை வந்திருக்கிறது. வழக்கமான சி.டி.யின் உணரி எக்ஸ் கதிரை முதலில் ஒளியாக மாற்றி, அந்த ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. இடையில் நுட்பம் சிதறுகிறது. ஃபோட்டான் எண்ணும் சி.டி.யில் காட்மியம் டெலுரைடு போன்ற குறைகடத்தி ஒவ்வொரு ஃபோட்டானையும் நேரடியாக, அதன் ஆற்றலோடு சேர்த்து எண்ணுகிறது. நுண்மை ஏறத்தாழ அரை மில்லிமீட்டரிலிருந்து 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. ஆற்றலை வைத்துக் கால்சியத்தையும் கான்ட்ராஸ்டில் உள்ள அயோடினையும் தனித்தனியே பிரித்துக் காட்டவும் முடிகிறது. சீமென்ஸின் நேயோடோம் ஆல்ஃபா 2021-இல் அமெரிக்க அனுமதி பெற்ற முதல் முழு உடல் கருவி. மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது என்பதால் இதற்காகவே காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

கதிர்வீச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். இயற்கைச் சூழலிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) கிடைக்கிறது. நல்ல முறையில் எடுத்த இதயத் தமனிச் சி.டி. இன்று பெரும்பாலும் 5-க்குள் முடிந்துவிடும், கால்சியம் அளவீடு மட்டும் என்றால் 1 அளவில் இருக்கும். உலகின் பல மருத்துவமனைகளில் 2007-லும் 2017-லும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், நடுநிலை அளவு 78 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை பெரிய வேறுபாடு அப்போதும் இருந்தது.

முல்லை:

எல்லோரும் அடைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் குழாய் ஆஞ்சியோகிராமில் தமனிகள் சுத்தம் என்று வந்தது. 'உங்களுக்கு ஒன்றுமில்லை, மனக்கவலை' என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. பெண்களுக்கு இப்படி அடிக்கடி நேர்கிறது என்று பின்னர் அறிந்தேன். இதற்கு எந்தப் படம் உதவும்?

காந்தப்புலம்:

முல்லை அவர்களே, 'ஒன்றுமில்லை' என்று சொன்னது தவறு. ஆஞ்சியோகிராமிலும் சி.டி.யிலும் தெரிவது பெரிய தமனிகள் மட்டுமே. இதயத்துக்குப் போகும் ரத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவை விரிய மறுத்தாலும் வலி வரும். இதற்கு, கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் நன்கு உதவும். ஓய்விலும், குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும், ஒவ்வொரு கிராம் தசைக்கும் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை அது எண்ணாகவே தருகிறது. விரிந்த நிலையின் ஓட்டம் ஓய்வின் ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்குகூட ஆகாவிட்டால், பெரிய தமனிகள் சுத்தமாக இருக்கும் நிலையில், கோளாறு நுண்குழாய்களில் என்று கொள்ளலாம். ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.யிலும் இப்போது இதை அளக்கிறார்கள். பெட் ஸ்கேனின் தடை இதுவரை அந்தக் கதிரியக்க ஐசோடோப்தான். ருபிடியம்-82-இன் அரை ஆயுள் 76 விநாடிகள், ஆகவே அதை அங்கேயே தயாரிக்கும் கருவி வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூர்பிரிடாஸின் அரை ஆயுள் 110 நிமிடம். வெளியிலிருந்து வரவழைக்கலாம், நோயாளியை நடக்கவைத்தும் எடுக்கலாம்.

என் துறை எம்.ஆர்.ஐ. என்பதால் அதைப் பற்றியும் சொல்கிறேன். தமனியைப் பார்ப்பதில் அது சி.டி.க்கு ஈடாகாது. ஆனால் தசைக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய அதற்கு நிகர் இல்லை. கடோலினியம் மருந்தைச் செலுத்திப் பத்து நிமிடம் பொறுத்து எடுத்தால், நல்ல தசை கருப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். அந்த வெண்மை எங்கே இருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடுகிறது. தமனி அடைப்பால் வரும் சேதம் சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிநோக்கிப் பரவும், ஏனெனில் உட்புறம்தான் ரத்தக் குறைவுக்கு முதலில் பலியாகும். வைரஸால் வரும் தசை அழற்சி பெரும்பாலும் உட்புறத்தை விட்டுவிட்டு நடுவிலோ வெளியோரத்திலோ திட்டுத்திட்டாக இருக்கும். இதயத் தசைச் சேதத்தை ரத்தத்தில் காட்டும் ட்ரோபோனின் உயர்ந்து, ஆஞ்சியோகிராம் சுத்தமாக வந்த ஓர் இளைஞருக்கு நடந்தது மாரடைப்பா அழற்சியா என்பதை இந்த ஒரு வரிசைப் படம் தீர்த்துவைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள நோயாளிகளின் கதை இன்னும் தெளிவானது. தொடர்ந்து ரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் இரும்பு சேர்கிறது. கல்லீரலில் உள்ள இரும்பை வைத்து இதயத்தில் உள்ளதைக் கணிக்க முடியாது, எக்கோவில் மாற்றம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். டி2 ஸ்டார் என்ற எம்.ஆர்.ஐ. அளவு 20 மில்லிவிநாடிக்குக் கீழே போனால் இரும்பு இருக்கிறது, 10-க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது. அதைப் பார்த்து இரும்பகற்றும் மருந்தை முன்கூட்டியே கூட்ட முடிந்தபின் இதயநோய் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 'படம் எப்படி உயிரைக் காக்கும்' என்ற கார்முகில் அவர்களின் கேள்விக்கு இதையும் ஒரு விடையாகக் கொள்ளலாம்.

கார்முகில்:

ஏற்கிறேன். ஆனால் தழும்பைப் பார்த்து 'இந்தத் தசை பிழைக்கும், ஸ்டென்ட் வைக்கலாம்' என்று முடிவெடுத்த காலமும் ஒன்று இருந்ததே? 2022-இல் வந்த ரிவைவ்டு ஆய்வில், இதயம் மிகவும் பலவீனமான 700 பேருக்கு உயிருள்ள தசை இருப்பதை உறுதி செய்து, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மருந்து மட்டும் பெற்ற மற்றவர்களைவிட அவர்களுக்கு மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. படம் உண்மையைச் சொன்னாலும் அதைக் கொண்டு நாம் செய்வது பலன் தராமல் போகலாம்.

காந்தப்புலம்:

முழு உடன்பாடு. அந்த ஆய்வுக்குப் பின் எங்களிடம் வரும் அத்தகைய கோரிக்கைகள் குறைந்துவிட்டன.

கணிநேசன்:

செயற்கை நுண்ணறிவு இதில் எங்கே நிற்கிறது? விளம்பரங்களை நம்புவதா?

பழைய கேத்லேப்:

விளம்பரங்களை விட்டுவிடுங்கள், ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எக்கோவில் இதயம் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீத ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதைக் கணக்கிடுவதில் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் வேறுபாடு வருவது வழக்கம். 2023-இல் வெளிவந்த ஆய்வில் 3,495 எக்கோக்களின் முதல் கணிப்பைச் சிலவற்றுக்குக் கணினியும் சிலவற்றுக்குத் தொழில்நுட்பரும் செய்ய, எது யாருடையது என்று தெரியாத இதய மருத்துவர்கள் திருத்தினார்கள். பெரிய திருத்தம் தேவைப்பட்டது கணினியின் கணிப்பில் 16.8 சதவீதத்தில், மனிதரின் கணிப்பில் 27.2 சதவீதத்தில். அளக்கும் வேலையில் அது வென்றுவிட்டது என்றே சொல்வேன். ஆனால் எக்கோவில் அளப்பது வேலையின் ஒரு பகுதிதான். விலா எலும்புகளுக்கு இடையே சரியான சாளரத்தைத் தேடிப்பிடிக்கும் கை இன்னும் வேண்டும்.

எக்கோவில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஸ்ட்ரெயின் என்ற அளவீடு. தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை அது காட்டுகிறது. ஆந்த்ராசைக்ளின், டிராஸ்டுசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் இதயத்தைப் பாதிக்கும்போது, வெளியேற்ற சதவீதம் குறையும் முன்பே இந்த எண் இறங்கும். சிகிச்சைக்கு முந்தைய அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் எச்சரிக்கை. ஆகவே முதல் மருந்துக்கு முன்பே ஓர் எக்கோ எடுத்து வைத்துக்கொள்வது அவசியம், ஒப்பிட அடிப்படை இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

தேடல்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்குச் சி.டி. எடுத்தாயிற்று. நாடியை 58-க்குக் கொண்டுவந்து எடுத்தார்கள், படம் தெளிவு என்று எழுதியிருக்கிறார்கள். சி.டி. அறிக்கையில் குறுகலைத் தரம் பிரிக்கும் கேட்-ராட்ஸ் அளவுகோலில் 3, இடது முன் தமனியின் நடுப்பகுதியில் 50 முதல் 69 சதவீதக் குறுகல், இடது முதன்மைத் தமனி சுத்தம். அதே படத்தைக் கணினிக்கு அனுப்பி ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டபோது, தமனியின் கடைசி முனையில் 0.76 என்று வந்திருக்கிறது. 0.80-க்குக் கீழே இருந்தால் அடைப்பு பாதிக்கிறது என்று படித்தேன். அப்படியானால் ஸ்டென்ட் கட்டாயமா?

பழைய கேத்லேப்:

இடது முதன்மைத் தமனி சுத்தம் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படித்தேன், அது நல்ல செய்தி. இனி அந்த எண்ணைப் பற்றி. இந்தக் கணக்கீடு, அடைப்புக்கு அப்பால் உள்ள ரத்த அழுத்தம் மகாதமனியின் அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பதைத் திரவ ஓட்டச் சமன்பாடுகளால் ஊகிக்கிறது. நோயே இல்லாத தமனியிலும் நுனியை நோக்கிப் போகப்போக அந்தப் பங்கு சிறிது சிறிதாக இறங்கும். ஆகவே கடைசி முனையில் உள்ள 0.76-ஐ வைத்து முடிவெடுக்கக் கூடாது. குறுகலுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அப்பால் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறிக்கையுடன் வரும் வண்ணப் படத்தில் தமனியின் மேல் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த இடத்தின் எண் தெரியும், மருத்துவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே 0.85 என்றும் நுனியில் மட்டும் 0.76 என்றும் இருந்தால், அந்தக் குறுகலைக் குற்றவாளி என்று சொல்ல இயலாது. குறுகலைத் தாண்டிய உடனேயே 0.92-இலிருந்து 0.74-க்கு விழுந்திருந்தால் கதை வேறு.

அப்படியே விழுந்திருந்தாலும், இடது முதன்மைத் தமனி சுத்தமாகவும் இதயத்தின் செயல்பாடு நன்றாகவும் இருப்பதால், ஸ்டாட்டினும் வலிக்கான மருந்தும் தொடங்கிச் சில வாரங்கள் பார்ப்பதற்கு இஸ்கீமியா ஆய்வு இடம் தருகிறது. மருந்துக்கு அடங்காத வலி இருந்தால் அப்போது குழாய் அறைக்குப் போகலாம். இதற்கிடையே ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த நடையிலேயே வந்தாலோ, இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேடல்:

வண்ணப் படத்தைத் திறந்து பார்த்தோம், ஐயா. குறுகலைத் தாண்டிய இடத்தில் 0.84 என்று இருக்கிறது. மருத்துவரும் மருந்தே போதும் என்று சொல்லிவிட்டார். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.